வீட்டு கராஜில் தனி ஆளாக விமானம் கட்ட முடியுமா?

கேள்வி கேட்ட நண்பர், கேரளத்துக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் கிட் (சேர்த்துக் கட்ட வேண்டிய பாகங்களின் தொகுப்பு) வாங்கி நான்கு சீட் விமானம் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிய செய்தியைப் படித்திருக்கிறார். "இதெல்லாம் நிஜமா? ஒருவரே வீட்டில் உட்கார்ந்து விமானம் கட்டிவிட முடியுமா?" என்று கேட்கிறார். நிஜம்தான், கட்ட முடியும். "ஒருவரே" என்ற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

நான் பைலட் இல்லை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டேட்டன் பக்கம் குடியிருக்கும் சாஃப்ட்வேர் ஆள். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்திய ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே விமானப் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவில் இருந்தவர் ரிட்டயர்ட் மெஷினிஸ்ட். ஒரு சனிக்கிழமை அவர் கராஜைத் தாண்டி நடந்து போன என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் ஒரு கை பிடிக்க முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு உள்ளே போனவன்தான். விமானம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் வரை கூடவே இருந்தேன்.

அவர் கட்டியது ஆர்வி-7. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட், கிட்டத்தட்ட முழுக்க அலுமினியம். கிட் தயாரிப்பது ஓரிகன் மாநிலம் அரோராவில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட். ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் என்பவர் 1970-களில் ஆரம்பித்த கம்பெனி. இவர்களுடைய ஆர்வி வகை விமானங்களில் 11,000-க்கும் மேற்பட்டவை கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 25 அடிதான். இறக்கைகளைத் தனியாக வைத்துக்கொண்டால் இரண்டு கார் நிற்கும் கராஜே போதும். ஆனால் அந்த இரண்டு காரும் சில வருஷங்களுக்கு வெளியே பனியில்தான் நிற்கும். இதை முதலில் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்கள் செய்திருக்க வேண்டும். எல்லோரும் இதை 51 சதவீத விதி என்பார்கள். இன்ஜின், ப்ரொபெல்லர், டயர், மீட்டர்களை எல்லாம் நீங்கள் செய்ய வேண்டியதில்லை, வாங்கிப் பொருத்தலாம். அந்தப் பெரும்பகுதியை ஒரே ஆள்தான் செய்ய வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. நண்பர்கள் சும்மா வந்து செய்கிற வேலையும் அமெச்சூர் கணக்கில் சேரும். காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்தால் சேராது. அதனால் என் கூலி, அவர் மனைவி சுட்டுத் தரும் ஆப்பிள் பையும் காபியும் மட்டும். சட்டத்துக்கு உட்பட்ட கூலி!

அப்புறம், இந்த வேலையின் தன்மையே இரண்டு பேரைக் கேட்கும். ஆர்வி முழுக்க ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் தலையுள்ள உலோக ஆணி. பத்தாயிரத்தைத் தாண்டும். ஓரங்களில் உள்ளதையும் கை எட்டுகிற இடங்களில் உள்ளதையும் ஸ்க்வீசர் என்ற இடுக்கி வைத்து ஒருவரே அழுத்திவிடலாம். இறக்கையின் நடுவிலும் உடலிலும் அது எட்டாது. அங்கே ஒருவர் வெளியே காற்றழுத்தத்தில் ஓடும் ரிவெட் கன்னைப் பிடித்துத் தலையில் அடிப்பார். இன்னொருவர் உள்ளே ரிவெட்டின் வால்பக்கம் பக்கிங் பார் என்ற கனமான உலோகக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். அடி விழ விழ வால் நசுங்கி விரிந்து தகட்டைக் கவ்வும். நசுங்கிய வால் ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். அதைப் பார்க்கச் சின்னதாக ஒரு அளவுத்தகடு இருக்கிறது. கொஞ்ச நாளில் தகடு இல்லாமலே கண் சொல்லிவிடும்.

உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ரிப் என்ற உள்சட்டத்தில் உள்ள ஓட்டை வழியாகத் தோள்வரை கையை விட்டு, விரலால் ரிவெட்டைத் தடவிப் பார்த்து, பாரைச் சாய்க்காமல் வைத்து, "ரெடி" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் கன் ஓடக் கூடாது. கன் நின்ற பிறகுதான் பார் நகர வேண்டும். பார் இல்லாத நேரத்தில் கன் ஓடினால் தகடு உள்வாங்கிவிடும், நிமிர்த்தவே முடியாது. கன் வழுக்கினால் ரிவெட் பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு விழும். கட்டுகிறவர்கள் இதை ஸ்மைலி என்பார்கள், பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது. இரண்டு பேரும் காதில் மஃப் போட்டிருப்பதால் பல நேரம் பேச்சே கிடையாது. ஒரு தட்டு தட்டினால் நல்ல ரிவெட், அடுத்ததுக்குப் போகலாம். இரண்டு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று என்றால் ட்ரில் போட்டு எடுத்துவிட்டுப் புதுசு போடு. இது நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

வால்பக்கம் உடல் குறுகும் இடத்தில் யாராவது உள்ளே பலகை போட்டுப் படுத்துக்கொண்டுதான் பார் பிடிக்க முடியும். என் ஒல்லி உடம்புக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது அங்கேதான்.

ரிவெட் அடிப்பதைவிட அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் அதிகம். ஒவ்வொரு ஓட்டையையும் இறுதி அளவுக்குத் துளைக்க வேண்டும், பிசிறை எடுக்க வேண்டும், வெளித்தகடாக இருந்தால் ரிவெட் தலை உள்ளே பதிய டிம்பிள் என்ற சின்னக் குழி அடிக்க வேண்டும். இடையில் தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்க கிளீக்கோ என்று ஒரு ஸ்பிரிங் ஊசி. 3/32 அங்குல ஓட்டைக்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு நிறம். நூற்றுக்கணக்கில் குத்தி முடித்தால் இறக்கை முள்ளம்பன்றியாக நிற்கும். இந்த வேலைகளுக்குத் திறமை பெரிதாக வேண்டாம், பொறுமைதான் வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், சர்ச் நண்பர்கள் என்று யார் வந்தாலும் எங்கள் மெஷினிஸ்ட் பெரியவர் அவர்கள் கையில் பிசிறெடுக்கும் டிபர் கருவியைக் கொடுத்துவிடுவார்.

யாருமே ஓடி வராத வேலை பெட்ரோல் டேங்க். இறக்கையின் முன்பகுதியே டேங்க், பக்கத்துக்கு 21 கேலன். ஒவ்வொரு ரிவெட்டும் ஒவ்வொரு இணைப்பும் புரோசீல் என்ற கரிய பசையில் முங்கி எழ வேண்டும். நாற்றம் குடலைப் பிரட்டும், கையில் பட்டால் நாலு நாள் போகாது. கலந்த பிறகு கெட்டியாகும் முன் முடித்தாக வேண்டும் என்பதால் ஒருவர் கலக்க, ஒருவர் பூச, ஒருவர் ரிவெட் அடிக்க என்று மூன்று பேராவது இருந்தால் நிம்மதி. முடிந்ததும் டேங்கின் காற்றுக்குழாயில் ஒரு பிறந்தநாள் பலூனை மாட்டி, மெல்லக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். ராத்திரி குளிரில் பலூன் தானாகவே சுருங்கும். காலையில் அதைப் பார்த்து, டேங்க் ஒழுகுகிறது என்று பதறிப்போய் போன் அடிக்காத ஆளே இந்த வட்டாரத்தில் இல்லை. எதிர்முனையில் இருக்கும் அனுபவஸ்தர், "வெயில் வரட்டும், மறுபடி பார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தக் கையேடும் ஈடாகாது.

அந்த எதிர்முனை ஆட்களை எங்கே பிடிப்பது? 1953-ல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. இப்போது தலைமையகம் ஆஷ்கோஷ். ஜூலை கடைசியில் அங்கே நடக்கும் விமானத் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-லும் 2018-லும் வருகிறவர் போகிறவரை எல்லாம் ரிவெட் அடிக்கவிட்டு, ஒரே வாரத்தில் ஒரு முழு விமானத்தைக் கட்டிக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. மாதம் ஒரு கூட்டம், வருஷத்தில் சிலமுறை பான்கேக் விருந்து. விலை அதிகமான டிம்பிள் கருவி, எடை போடும் தராசு எல்லாம் கிளைக்குள்ளேயே இரவல் சுற்றும்.

அதில் டெக்னிகல் கவுன்சலர் என்று ஒரு பொறுப்பு உண்டு. ஏற்கெனவே கட்டிய அனுபவமுள்ளவர், சம்பளம் கிடையாது. இறக்கையை மூடுவதற்கு முன் வந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் பெரியவர் பயந்தது அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு அல்ல, இவருக்குத்தான். ஒரு முறை ஓட்டை தகட்டின் விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறது என்று ஒரு பிராக்கெட்டைக் காட்டினார். ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். வாதமே இல்லை, அந்த பிராக்கெட் குப்பைக்குப் போனது. தனியாகக் கட்டுகிறவர் ராத்திரி பதினொரு மணிக்கு "இது போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார் பாருங்கள், அந்த இடத்தில்தான் இன்னொருவர் வேண்டும். பார் பிடிக்கும் கையைவிட இந்தக் கண்தான் முக்கியம் என்பது என் கட்சி.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபரில் கலிஃபோர்னியா கடலோரம் அவர் ஓட்டிய லாங்-ஈஸி விழுந்தது. பர்ட் ருட்டான் வடிவமைத்த, வீட்டில் கட்டும் வகை விமானம். கட்டியவர் வேறொருவர், டென்வர் விலைக்கு வாங்கியவர். டேங்க் மாற்றும் வால்வு ருட்டானின் வரைபடப்படி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பறந்துகொண்டே திரும்பி எட்டிப் பிடிப்பது சிரமம். விசாரணையில் அந்த இடமாற்றம் முக்கியமாகப் பேசப்பட்டது. வரைபடத்தை விட்டு விலகத் தோன்றும்போதெல்லாம் நாலு பேரிடம் காட்டுங்கள்.

நாலு பேரைக் கேட்டால் நாற்பது அபிப்பிராயம் வரும் என்பதும் உண்மை. உள்பக்கத் தகட்டுக்கு அரிப்பைத் தடுக்கும் ப்ரைமர் பூச்சு அடிப்பதா வேண்டாமா என்று இவர்களிடம் கேட்டுப்பாருங்கள், கோயில் கொடை வசூல் தகராறு தோற்றுவிடும். எங்கள் பெரியவர் எல்லோர் பேச்சையும் கேட்டுவிட்டு, தன் இஷ்டப்படி அடித்தார்.

கட்டி முடித்ததும் எஃப்.ஏ.ஏ. அல்லது அதன் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். கட்டிய போட்டோக்களும் வேலைக் குறிப்பும் அப்போது கேட்பார்கள், ஆரம்பத்திலிருந்தே எடுத்து வையுங்கள். பிறகு சோதனைப் பறத்தல். சான்று பெற்ற இன்ஜினும் அதற்கேற்ற ப்ரொபெல்லரும் என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அதுவரை பயணி ஏற்றக் கூடாது. பெரியவர் அதற்கு முன்பே இன்னொருவரின் ஆர்வி-7-ல் பயிற்சியாளரோடு பறந்து கையைப் பழக்கிக்கொண்டார். விமானம் கட்டிய வருஷங்களில் பறக்காமலே இருந்து கை மரத்துப்போயிருக்கும் என்பதால், இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் அந்த விமானத்தைச் சோதித்துக் கையெழுத்திடும் ரிப்பேர்மேன் சான்றிதழ் முதன்மையாகக் கட்டிய ஒருவருக்கே கிடைக்கும். உதவியவர்களுக்கு எந்தக் காகிதமும் கிடையாது, ஒரு சவாரி கிடைக்கும். உள்ளே கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல. என் மனைவி அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

பணம்? இன்ஜின், எலெக்ட்ரானிக்ஸ், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். நல்லவேளை, கிட் பகுதி பகுதியாக வரும். முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டிவிடாதீர்கள். வேன்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. முன்பணம் கட்டியிருந்தவர்கள் விலை உயர்வை ஏற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் கம்பெனி மீண்டு வந்துவிட்டது என்றாலும் பாடம் பாடம்தான்.

இந்தியாவில் கட்டலாமா என்று கேட்பீர்கள். மும்பை பைலட் அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டினார், அதுவும் கிட் இல்லாமல். பதிவு எண் கிடைப்பதற்குள் அவர் பட்ட பாடு பெரும்பாடு, 2017-ல்தான் கிடைத்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பதைப்போல விதியும் கிளையும் கவுன்சலரும் பக்கத்திலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவில் இருப்பவர் என்றால் முதலில் உங்கள் ஊர் இ.ஏ.ஏ. கிளைக்குப் போய் யாருக்காவது பார் பிடியுங்கள். பிடித்திருந்தால் பிறகு கிட். பாதியில் விட்ட கிட்களும் நிறைய விலைக்கு வரும், வால் மட்டும் முடித்து ஓய்ந்தவர்கள் ஏராளம். அப்படி வாங்கினால் முந்தையவரின் போட்டோக்களையும் வேலைக் குறிப்பையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அமெச்சூர் கட்டியது என்று நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும். பணம் கைமாறும் முன் ஒரு கவுன்சலரைக் கூட்டிக்கொண்டு போய் ரிவெட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.