SAP மென்பொருளின் ஃபியோரி இணையத் திரையில் பட்டன் சிக்காமல் டெஸ்ட் உடைவது

காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, லொக்கேட்டரை (பட்டனைத் தேடிப் பிடிக்க டெஸ்டில் எழுதும் அடையாளத்தை) மாற்றுங்கள். நேற்று ஓடிய செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) டெஸ்டுக்கு இன்று உற்பத்தி ஆணைத் திரையின் 'உறுதிசெய்' பட்டன் கிடைக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் ஐடி இரண்டு அடிக்கோடுகளில் தொடங்குகிறது. அது யூஐ5 (ஃபியோரி திரைகளைக் கட்டும் நிரல் தொகுப்பு) தானாகப் போடும் ஐடி. முன்னால் ஒரு கன்ட்ரோல் (பட்டன் போன்ற திரை உறுப்பு) கூடுதலாக உருவானாலே ஐடியில் உள்ள எண் நகர்ந்துவிடும்.

திரையை நேரடியாக ஒருமுறை, வேறு திரை வழியாக ஒருமுறை திறந்து ஐடியை ஒப்பிடுங்கள். எண் மாறினால் சந்தேகமே வேண்டாம். டெவலப்பரிடம் வியூவில் (திரையின் அமைப்பை எழுதும் கோப்பில்) நிலையான ஐடி வைக்கச் சொல்லுங்கள் (சிறிய வேலைதான், முணுமுணுப்பார்கள்). அதுவரை பட்டனின் எழுத்தை வைத்துத் தேடலாம். லாகின் மொழி மாறினால் அதுவும் உடையும்.

அப்புறம், 'உறுதிசெய்' அழுத்தியபின் சரக்கு நகர்வு பின்னணியில் ஓடும்படி அமைத்திருந்தால் சரக்கு இருப்பின் எண்ணிக்கை உடனே மாறாது. அங்கே மட்டும் காத்திருப்பு வையுங்கள்.