குளச்சல் காற்றில் சிடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்த பாட்டு சிடி, சினிமா டிவிடி எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம். தூக்கிப் போட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு தட்டையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளி நிறையத் தெரிந்தால் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு அரித்துப்போயிற்று, அது திரும்பாது. ஒன்றிரண்டு புள்ளியை பிளேயர் சமாளித்துவிடும். புள்ளியே இல்லையென்றால் பூசணம் மேலோடு நிற்கிறது, கழுவினால் போகும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் திட்டு படியும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. பழைய பருத்தி வேட்டித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஒற்றி எடுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. பதிவு சுருளாக ஓடுகிறது. அதன் போக்கிலேயே கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறைய தகவல் போய்விடும். குறுக்கே விழும் சின்னக் கீறலை பிளேயரே கணக்குப் போட்டு ஈடுகட்டிக்கொள்ளும். தின்னர், பெட்ரோல், பற்பசை எதுவும் ஆகாது.

பலரும் பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பார்கள். சிடியில் ஆபத்து பெயர் அச்சடித்த பக்கத்தில்தான். அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம் இருக்கிறது. டிவிடி அப்படியல்ல, 0.6 மி.மீ. தட்டு இரண்டை ஒட்டி, நடுவில் பதிவை வைத்திருக்கிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆகவே வெளிச்சுவரோடு சேர்ந்த அலமாரி வேண்டாம். இறுக்கமாக மூடும் டப்பாவில் தட்டுகளை நிமிர்த்தி வைத்து, 100 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போடுங்கள். பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் புழங்காத சட்டியில் சிறு தீயில் வறுத்தால் நிறம் திரும்பும். பாச்சை உருண்டை போடாதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவை இளக்கிவிடும்.

கேள்வி: காசு கொடுத்து ‘வாங்கிய’ மின்புத்தகம் எனக்குச் சொந்தம்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேறு கருவியிலோ செயலியிலோ திறக்க முடியாதபடி மென்பொருள் பூட்டுப் போட்டு விற்றதென்றால் இல்லை. நீங்கள் வாங்கியது படிக்கும் அனுமதி மட்டும். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நூலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே (அமேசானின் மின்புத்தகம் படிக்கும் கருவி) அமேசான் அழித்தது. பணம் திரும்பியது, புத்தகம் போயிற்று. 2019இல் மைக்ரோசாஃப்ட் மின்புத்தகக் கடையை மூடியபோதும் அதே கதி. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியே மாற்றும் வசதியும் நின்றுவிட்டது.

சோதிக்க எளிய வழி: கோப்பை வேறொரு போனுக்கு மாற்றி, ஏரோபிளேன் மோடில் வைத்து, வேறு செயலியில் திறந்து பாருங்கள். திறந்தால் பூட்டில்லை. அப்படி விற்கும் பதிப்பகங்களையே நாடுங்கள். இல்லையென்றால் அச்சுப் புத்தகமே என் தேர்வு.

கேள்வி: சொந்த சிடியைக் கணினியில் ஏற்றினால் குற்றமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கு இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால், 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. பாட்டு சிடியில் பொதுவாகப் பூட்டு இல்லை. சினிமா டிவிடியில் பெரும்பாலும் உண்டு. ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ மென்பொருளில் ‘செக்யூர்’ முறையைத் தேர்ந்தெடுத்து, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேர சிடிக்கு 300 முதல் 400 எம்பி போதும். வீட்டில் கணினியில் நாமே பதிவு செய்த (‘பர்ன்’ செய்த) சிடிகளை முதலில் ஏற்றுங்கள். அவற்றின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். ஒரு பிரதி உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டிவிடி இங்கே ஓடவில்லை.
– வாசகி, தக்கலை

பதில்: தட்டில் கோளாறு இல்லை. சினிமா டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக மண்டல எண் போட்டு விற்கிறார்கள், பிளேயரின் எண்ணோடு பொருந்தினால்தான் ஓடும். வளைகுடாவுக்கு மண்டல எண் 2, இந்தியாவுக்கு 5. உறையின் பின்பக்கம் உலக உருண்டைக்குள் எண் இருக்கும், பாருங்கள். கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம். ஆனால் 5 முறைதான், கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். மாமா தட்டுகளுக்கென்று ஒரு பழைய டிரைவை 2இல் நிறுத்திவிடுங்கள்.