வின்ச்: மின்சாரமா, ஹைட்ராலிக்கா, பிடிஓவா? ஜீப்புக்கும் லாரிக்கும் எது சரி?

வின்ச் என்றால் மாட்டிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி. ஜீப்புக்கு மின்சார வின்ச். நாள் முழுக்க இழுக்கும் ரெக்கவரி லாரிக்கு, கியர்பாக்ஸ் பிடிஓவில் (இன்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் இணைப்பு) ஓடும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) வின்ச். ஆனால் மோட்டாரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் கியரும் பிரேக்கும் அதே அளவு முக்கியம்.

முதலில் திறன். ஆட்களும் சாமானும் ஏறிய மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். 2,300 கிலோ ஜீப்புக்கு 3,450 கிலோ வருகிறது. 9,500 பவுண்டு (சுமார் 4,300 கிலோ) வின்ச் தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் எண் டிரம்மின் (கயிறு சுற்றும் உருளை) முதல் சுற்று அடுக்குக்கு மட்டுமே. மேலே ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் இழுவை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். அதனால் கயிற்றை முடிந்தவரை வெளியே விட்டு இழுங்கள். போதாவிட்டால் ஒரு கப்பி போடுங்கள். இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

மின்சார வின்ச் இன்ஜின் நின்றுபோனாலும் கொஞ்ச நேரம் இழுக்கும். ஆற்றில் மாட்டிய வண்டிக்கு இது பெரிய விஷயம். குறை சூடுதான். முழுப் பளுவில் 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஆல்டர்னேட்டர் கொடுப்பது 100 ஆம்பியர் போல. மிச்சம் பேட்டரியிலிருந்து போகிறது. வோல்டேஜ் இறங்கினால் சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) சரியாகப் பிடிக்காமல் பொறி பறந்து, தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிற்காது. பேட்டரி அருகே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். எர்த் கேபிளை சேஸிஸில் முடிக்காமல் நேரே பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். ஒரு நிமிடம் இழுத்தால் மோட்டாரை ஆறவிடுங்கள்.

பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றும் அமைப்பு) வின்ச்களில் பெரும்பாலும் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும். பளுவோடு கயிற்றை இறக்கினால் பிரேக் தேய்ந்து டிரம் கொதிக்கும். கம்பிவடம் தாங்கும், சிந்தெடிக் கயிறு சுமார் 145 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கும். சிந்தெடிக்தான் வேண்டுமென்றால் பிரேக் டிரம்முக்கு வெளியே உள்ள மாடலைத் தேடுங்கள். வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) மெதுவானது, சக்தியில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். ஆனால் பளுவைத் தானே பிடித்து நிற்கும். சரிவில் லாரியைத் தாங்க அதைத்தான் நம்புவேன்.

ஹைட்ராலிக்கில் பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து எடுக்கும் வகை உண்டு. மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் விடாமல் இழுக்கும். பளு மீறினால் ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை விடும் வால்வு) திறந்து வின்ச் நின்றுவிடும், எதுவும் உடையாது. இன்ஜின் நின்றால் வின்ச்சும் செத்தது.

பழைய ஜீப்புகளின் மெக்கானிக்கல் பிடிஓ வின்ச்சில் பளு மீறினால் ஷியர் பின் (மற்ற பாகங்களைக் காக்கத் தானே உடையும் முளை) உடையும். அதே அளவு, அதே தரப் பின்னை மட்டும் போடுங்கள். ஹை-டென்சில் (மிக வலுவான) போல்ட்டைச் செருகினால் அடுத்த முறை கியரோ ஷாஃப்டோ போகும்.