அயர்ன்மேன் வீரர்கள் ஓட்டும் சைக்கிள் கோத்தகிரிக்குப் பொருந்துமா?

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். வயது 38, உயரம் 172 செ.மீ. இதுவரை ஹைபிரிட் சைக்கிள்தான் ஓட்டியிருக்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் அயர்ன்மேன் போட்டிகளில், அடுத்த ஆண்டு கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேனிலும், பிறகு முழு அயர்ன்மேனிலும் கலந்துகொள்ள ஆசை. உலகப் போட்டியில் செர்வேலோ சைக்கிள்தான் அதிகம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. இத்தகைய போட்டிகளுக்கென்றே செய்யப்படும் டிரை பைக் வகையில், சுமார் பத்து ஆண்டு பழைய செர்வேலோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் அந்தச் சைக்கிளை நீங்கள் இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஹவாய் தீவின் கோனா நகரில் நடக்கும் உலகப் போட்டிக்கு முந்தைய நாள், வீரர்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, ஒவ்வொன்றும் எந்த நிறுவனத்தினுடையது என்று ஆட்கள் நின்று கையால் எண்ணிக் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கணக்கில் செர்வேலோ 2005-இல் முதலிடத்துக்கு வந்து, பல ஆண்டுகள் அதை விட்டுக்கொடுக்கவே இல்லை. ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, ஃபெல்ட், ஆர்கான் 18, குயின்டானா ரூ, பின்னாளில் கேனியன் ஆகியவை அதன் பின்னால் இடம் மாறி மாறி நின்றன. ஆனால் இது அந்த ஆண்டு விற்ற சைக்கிள்களின் கணக்கு அல்ல. பலரும் ஒரு டிரை பைக்கைப் பல ஆண்டுகள் வைத்து ஓட்டுகிறார்கள். ஆகவே பல ஆண்டுகளாக விற்றுச் சேர்ந்தவை மொத்தமாக அங்கே வந்து நிற்கின்றன. எந்த நாட்டில் எந்த நிறுவனத்துக்குக் கடை இருந்தது என்பதையும் அதே கணக்கு காட்டிவிடும். கடை வைக்காமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும் ஜெர்மன் நிறுவனமான கேனியன் அமெரிக்காவில் விற்பனையைத் தொடங்கியதே 2017-இல்தான். அயர்ன்மேன் வீரர் யான் ஃப்ரோடெனோ 2015-இலும் 2016-இலும் கேனியன் ஓட்டிக் கோனாவில் வென்றிருந்தபோதும், அமெரிக்கர் ஒருவர் அதை எளிதில் வாங்க முடியாத காலம் அது.

செர்வேலோவின் வெற்றிக்கு வேறொரு காரணமும் உண்டு, உங்களுக்குப் பயன்படுவது அதுதான். சாதாரண ரோடு பைக்கில் இருக்கைக் குழாய் ஏறக்குறைய 73 டிகிரி சாய்வில் இருக்கும். டிரை பைக்கில் அது 76 முதல் 78 டிகிரிக்கு மேல் நிமிர்ந்துவிடும். முன்னால் நீளும் ஏரோ பார் என்ற கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக் குனியும்போது இடுப்பு மடிந்து தொடை வயிற்றில் இடிக்காமல் இருக்க, உடல் முழுவதுமே முன்னால் நகர வேண்டும். அதற்குத்தான் இந்த நிமிர்வு. 180 கி.மீ. சைக்கிளுக்குப் பிறகு 42.2 கி.மீ. ஓட வேண்டியவருக்கு இந்த அமைப்பு பெரிதும் உதவும். குயின்டானா ரூ நிறுவனம் 1980களின் இறுதியிலேயே இதைச் செய்து காட்டியது. 1995-இல் கனடாவில் தொடங்கப்பட்ட செர்வேலோ, காற்றைக் கிழிக்கும் சைக்கிள் சட்டங்களை (ஃபிரேம்) வடிவமைப்பதையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது. அதாவது, கோனா வீரர்கள் வாங்கியது தங்கள் பந்தயப் பாதைக்கும் தங்கள் உடலுக்கும் பொருந்திய ஒரு வடிவத்தை. பெயர் அதனுடன் சேர்ந்து வந்தது.

உங்கள் பாதை அப்படிப்பட்டதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு வர சுமார் 33 கி.மீ.; அதற்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 175 வாட் செலவாகும். காற்றுக்குப் போவது நான்கைந்து வாட்தான். சமதளத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது நிலைமை தலைகீழ்: காற்றுக்கு மட்டும் 165 வாட் அளவு கொடுக்க வேண்டும். லட்சங்கள் கொடுத்து வாங்கும் காற்றியல் வடிவம் கோவாவில் பயன்படும். அரவேணு ஏற்றத்தில் அதற்கு வேலையே இல்லை. எடை குறைந்தால் பெரிய லாபம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கிலோ குறைந்தால் இந்த முழு ஏற்றத்தில் மிஞ்சுவது ஒன்றரை நிமிடம் அளவே.

எனக்கு உண்மையில் கவலை தருவது இறக்கம். 80 கிலோ 1,450 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், கொண்டை ஊசி வளைவுகளில் வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்கும். 2016-க்கு முன் வந்த டிரை பைக்குகளில் ஏறக்குறைய எல்லாமே சக்கர விளிம்பையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் கொண்டவை. அவற்றுடன் கார்பன் ரிம்மும் இருந்தால், நீண்ட இறக்கத்தில் சூடேறி ரிம்மின் பிசின் இளகக்கூடும், டியூப் வெடிக்கக்கூடும். இன்னொன்று, டிரை பைக்கில் ஏரோ பாரில் கை வைத்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் விடியற்காலையில் வளைவு திரும்பியதும் யானை நிற்பது உள்ளூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளைத் தவிர வேறெதையும் இந்தச் சாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கியர். பல டிரை பைக்குகள் முன்னால் 52/36, பின்னால் 11-28 என்ற பல் கணக்கில் வருகின்றன. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், மிக லேசான கியரிலேயே மணிக்கு 11 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். முடியாவிட்டால் முழங்கால்தான் விலை கொடுக்கும். முன்னால் 50/34, பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் ஒன்பது கி.மீ. சொச்சத்திலும் சீராக மிதித்து ஏறலாம்.

உதிரிப்பாகம் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அதிகம் பேர் வைத்திராத ஒரு நிறுவனத்தின் சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கினேன். குன்னூரில் சுவரோரம் சாய்த்து வைத்தது வலப்பக்கம் சரிந்து விழுந்ததில், கியர் மாற்றும் பின் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தது. நிமிர்த்த முயன்றபோது முறிந்துவிட்டது. கட்டைவிரல் நீளம் கூட இல்லாத அலுமினியத் துண்டு அது. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் அது தனித்தனி அச்சு. கோயம்புத்தூரில் நான்கு கடைகள் ஏறி இறங்கியும் கிடைக்காமல், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஏழு வாரமானது. அதுவரை சைக்கிள் சுவரில் தொங்கியது. நான் பதிவு செய்திருந்த போட்டி நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்றிலிருந்து எந்தச் சைக்கிளை வாங்கினாலும் இரண்டு ஹேங்கர்களைச் சேர்த்தே வாங்குகிறேன்.

எனவே உங்கள் இரண்டரை லட்சத்துக்கு, டிஸ்க் பிரேக்கும் 28 மி.மீ. டயருக்கு இடமும் உள்ள, நெடுந்தூரப் பயணத்துக்கான ரோடு பைக் ஒன்றைப் பாருங்கள். ஜெயன்ட், ட்ரெக், ஸ்காட், மெரிடா ஆகிய நான்கில் எதை எடுத்தாலும் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. கோயம்புத்தூரில் எதன் கடைக்காரர் ஹேங்கரையும் பிரேக் பேடையும் ஒரு வாரத்தில் தருவாரோ அதுவே உங்களுக்கு நல்ல பிராண்டு. அளவைப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 54 என்ற அளவும் இன்னொன்றின் 54 என்ற அளவும் ஒன்றல்ல. பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, சட்டத்தில் ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரு அளவுகளை, அதாவது ஸ்டாக், ரீச் என்பவற்றை, ஒப்பிட்டுப் பாருங்கள். பெடல் அச்சைத் தாங்கும் பேரிங் கூடு அழுத்திச் செருகும் வகையாக இல்லாமல் மரையுள்ள பி.எஸ்.ஏ. வகையாக இருந்தால் மழைக்காலத்தில் கிறீச்சிடும் தொல்லை குறையும். நம் வீடுகளில் இருந்த பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரும் இதுவும் ஒரே பர்மிங்காம் நிறுவனத்திலிருந்து வந்தவைதான்.

அதன்மேல் கழற்றி மாட்டக்கூடிய ஏரோ பார் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஹேண்டில்பாரின் நடுப்பகுதி உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையான இறக்கை போன்ற பார்களில் அது நிற்காது என்பதால், கடையிலேயே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். இருக்கையைச் சற்று முன்னால் தள்ளினால் டிரை பைக்கின் உடல் நிலைக்குப் பெருமளவு நெருங்கிவிடலாம். குனிந்த நிலையில் இரண்டு மணி நேரம் இருந்து பழகுவதைக் கோத்தகிரிச் சாலையில் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி அன்னூர்ச் சாலையிலோ, வீட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் மாட்டியோ செய்யுங்கள். இறங்கும் முன் ஏரோ பாரைக் கழற்றத் தேவையில்லை; கை மட்டும் அதன்மேல் போகக் கூடாது.

முழு அயர்ன்மேனுக்குப் பெயர் கொடுக்கும் ஆண்டில் டிரை பைக்கைப் பற்றி யோசிக்கலாம். அப்போது இந்த ரோடு பைக்கில் உங்களுக்குப் பொருந்திய அளவுகள் கையில் இருக்கும்; பழையதாகவே வாங்கினாலும் சட்டத்தின் ஸ்டாக், ரீச் எண்களைக் கேட்டுச் சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிடலாம். இப்போது அந்தப் பழைய சைக்கிளை விற்க வந்திருப்பவரிடம், ரிம்மில் சூடுபட்ட கொப்புளம் உண்டா, சீட் போஸ்ட்டை இறுக்கும் கிளாம்ப் அருகே விரிசல் உண்டா, அந்த மாடலுக்கு ஹேங்கர் இன்னும் கிடைக்கிறதா என்று வேண்டுமானால் கேட்டு வையுங்கள். முன்பணம் மட்டும் கொடுக்க வேண்டாம்.