முதலைத்தோல் போன்ற பட்டை எந்த மருது?

கேள்வி: கூடலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில், கறுத்து வெடித்த பட்டையோடு பெரிய மரம் ஒன்று நிற்கிறது. ஊரில் ‘மருது’ என்கிறார்கள். இதயத்துக்குக் கஷாயம் வைக்கும் மருதம்பட்டை இதுதானா?

பதில்: இல்லை. நீங்கள் சொல்வது அநேகமாகக் கருமருது. கஷாயத்துக்கு எடுப்பது நீர்மருது. இரண்டும் ஒரே பேரினம் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பட்டையே பாதி விடை சொல்லிவிடும். கருமருதின் பட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக முதலை முதுகைப் போல இருக்கும். காட்டுத்தீயைத் தாங்குவது அந்தத் தடிமனால்தான். நீர்மருதோ வழுவழுப்பானது; வெளிறிய சாம்பல் நிறம். மேல்தோல் அகலமான மெல்லிய தகடுகளாக உரிந்து விழ, உள்ளே இளஞ்சிவப்போ பச்சையோ தெரியும். மாயாற்றங்கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ ஒருமுறை தொட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. அது நீரோரத்து மரம். கருமருது வறண்ட சரிவிலும் நிற்கும்.

ஆனால் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பீடி இலை மரத்துக்கும் இதே கட்டம் போட்ட கரும்பட்டை உண்டு. அதனால் உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துத் திருப்புங்கள். கருமருதானால், காம்புக்குச் சற்று மேலே நடுநரம்பில் விரலை ஓட்டும்போது கடுகளவு முடிச்சு ஒன்றோ இரண்டோ தட்டுப்படும். இந்தச் சுரப்பி பீடி இலையில் இருக்காது. நீர்மருதில் காம்பும் இலையும் சேரும் இடத்தில் இருக்கும். கருமருதின் இளம் இலையின் அடிப்புறம் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். முற்றியதில் அது உதிர்ந்திருக்கலாம்.

அப்போதும் ஐயம் தீராவிட்டால் மரத்தடியில் காய் தேடுங்கள். இரண்டுக்கும் ஐந்து சிறகுகள்தான். சிறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கோடுகள் விளிம்புவரை கிடையாக ஓடினால் கருமருது, மேல்நோக்கி வளைந்தால் நீர்மருது. நான் கடைசியாக நம்புவது இதைத்தான்.

தயவுசெய்து அடையாளம் பார்ப்பதற்காகப் பட்டையில் கத்தி வைக்காதீர்கள். சுற்றிலும் உரிக்கப்பட்ட மரம் நின்றபடியே காய்ந்துவிடும். காப்புக்காட்டில் பட்டை எடுப்பது குற்றமும்கூட. கஷாயம்தான் நோக்கமென்றால், முதலில் உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டை கிடைக்கும்.