விசிறிக்கை இறால்: கேள்வி பதில்

போர்ட்டோ ரிக்கோ தீவின் எல் யுங்கே மலைக்காட்டு ஓடைகளில் வாழும் அட்யா லேனிபெஸ் இறாலைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இதற்குக் கொடுக்கே கிடையாதாமே, எப்படிச் சாப்பிடும்?

கொடுக்கு உண்டு, கிள்ளத்தான் உதவாது. முன்கால் இரண்டு சோடியின் நுனியிலும் நீளமான மயிர்க்கற்றை இருக்கும். ஓடும் நீரில் அதை விசிறியாக விரிக்கும். மிதந்துவரும் இலைத்தூள் சிக்கியதும் மடக்கி வாயில் துடைத்துக்கொள்ளும். ஓட்டம் குறைந்த இடத்தில் அதே மயிரால் பாறையைத் துடைத்துத் தின்னும். ஆய்வாளர்கள் சில பாறைகளைச் சுற்றி மின்வேலி போட்டு இறாலைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் வண்டல் படிந்துவிட்டது.

கேள்வி: என் தொட்டியில் 'பேம்பூ ஷ்ரிம்ப்' வளர்க்கிறேன். கொஞ்ச நாளாகத் தரையையே கிளறுகிறது. சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை, அது பசி. உங்களுடையது தென்கிழக்கு ஆசிய இறால், ஆனால் இதே குடும்பம்தான். நீரில் மிதக்கும் உணவு போதாதபோதுதான் தரைக்கு இறங்கும். உணவை நன்றாகப் பொடித்து, பம்ப்பிலிருந்து தண்ணீர் பாயும் இடத்தில் கரைத்து விடுங்கள்.

கேள்வி: அதே இறால் முட்டை சுமந்தது. குஞ்சு ஒன்றுகூடத் தேறவில்லையே?

பொரித்திருக்கும், நல்ல தண்ணீரில் செத்திருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா வளர உப்புநீர் வேண்டும். எல் யுங்கேயிலும் இதே கதைதான். தாய் மலையிலேயே இருக்கும். லார்வா ஓடையோடு கழிமுகத்துக்கு இறங்கி, குட்டி இறாலானதும் ஆற்றை எதிர்த்து ஏறிவரும்.

கேள்வி: வழியில் அருவி இருந்தால்?

ஓரத்து ஈரப்பாறையில் ஊர்ந்தே ஏறிவிடும். ஏறினால் லாபம், இறாலைத் தின்னும் பெரிய மீன்கள் அங்கே வருவதில்லை.

கேள்வி: அருவியையே ஏறுகிறது என்றால் அணை என்ன செய்துவிடும்?

அருவியில் எப்போதும் நீர் வழிகிறது, வித்தியாசம் அதுதான். உயரமான அணையில் நீர் வழியாமல் சுவர் காய்ந்து கிடந்தால் குட்டிகள் கீழேயே நின்றுவிடும், மேலே இனம் அற்றுப்போகும்.

சின்னத் தடுப்பணையும் லேசுப்பட்டதல்ல. எல் யுங்கேயிலிருந்து இறங்கும் எஸ்பிரிட்டு சாண்டோ ஆற்றில், அப்படியொரு தடுப்பணையிலிருந்து குடிநீருக்காகக் குழாயில் நீர் எடுக்கும் இடத்தை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. கடலுக்கு இறங்கும் லார்வாக்களில் சராசரியாக 42 சதவீதம் அந்தக் குழாயிலேயே போய்விட்டதாம். ஆனால் லார்வாக்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகு வரும் சில மணி நேரத்தில்தான் இறங்கும். அந்த நேரம் மட்டும் நீர் எடுப்பதை நிறுத்தினால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். இவ்வளவு மலிவான தீர்வு வேறெந்த ஆற்றுப் பிரச்சினைக்கும் கிடைக்காது என்பேன்.

கேள்வி: புயலடித்தால் அழிந்துவிடாதா?

1989இல் ஹியூகோ புயல் மரங்களை முறித்து ஓடை முழுக்க இலையைக் கொட்டியது. அப்புறம் இறால் பெருகத்தான் செய்தது, அத்தனையும் அதற்குத் தீனி.