டேங்க் மூடியை மாற்றியும் பி0456 திரும்பி வருவது குறித்து

வணக்கம். பெட்ரோல் டேங்க் மூடியைப் புதிதாக மாற்றியும் பத்தே நாளில் எஞ்சின் விளக்கு எரிந்து, பி0456 என்ற பழுதுக் குறியீடு மீண்டும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அக்குறியீடு, பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடித்துவைக்கும் அமைப்பில், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் துளைக்கு நிகரான மிகச் சிறிய கசிவைக் குறிப்பதால், கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வேறு பாகம் எதையும் வாங்குவதற்கு முன், மூடியின் ரப்பர் வளையம் வந்து உட்காரும் டேங்க் கழுத்தின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்; துரு சொரசொரவென்று தட்டுப்பட்டால், எத்தனை மூடி மாற்றினாலும் பயனிராது.

அடுத்தது பர்ஜ் வால்வு; டேங்கின் பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கரிப்பெட்டியான கேனிஸ்டரிலிருந்து அதை எஞ்சினுக்குள் விடுவது இதுதான். அதன் மின்இணைப்பையும் கேனிஸ்டர் பக்கக் குழாயையும் கழற்றிவிட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, வால்வில் அக்குழாய் இருந்த வாயில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது அவ்வால்வு மூடியே இருக்க வேண்டுமாதலால், சிறிதளவு உறிஞ்சல் தெரிந்தாலும் பழுது அங்கேதான். பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா என்பதையும் கவனியுங்கள். அது இதே வால்வு திறந்தபடி நிற்பதற்கான நல்ல அடையாளம்.

இரண்டும் சரியாக இருந்தால், அமைப்புக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் புகைச் சோதனைதான் வழி. கேனிஸ்டருக்கு வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வு இயல்பில் திறந்தே இருப்பதால், பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரால் அதை மூடச் செய்த பிறகே புகையை, 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில், செலுத்த வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். நல்ல குழாய்களும் பிளந்துவிடும்.